உயிர்ப்பாறையோடு கூடவே வந்தவை: வாசகர் கேள்வி – பதில்

கடல்நீர்த் தொட்டிகள் பற்றிய இந்தப் பகுதிக்கு அண்மையில் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விடயத்தைச் சுற்றியே இருந்தன. "லைவ் ரொக்" என்று கேட்டு வாங்கும் உயிர்ப்பாறையைத் தொட்டியில் வைத்த சில நாட்களில், வாங்காத ஏதோ ஓர் உயிர் அதிலிருந்து வெளியே வருகிறது. அது என்ன, அதனால் மீன்களுக்கு ஆபத்தா, எப்படி அகற்றுவது என்பவையே கேள்விகள். ஆகவே இந்த இதழை முழுவதுமாக அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

உயிர்ப்பாறை என்பது இறந்துபோன முருகைகளின் கல்சியம் காபனேற்றுக் கூடு. அதன் நுண்துளைகளில் குடியேறியிருக்கும் பற்றீரியாக்கள் மீன்கழிவிலிருந்து உண்டாகும் அமோனியாவை நைத்திரைற்றாகவும், பின்னர் நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. ஒட்சிசன் எட்டாத உட்பகுதிகளில் வாழும் வேறு பற்றீரியாக்கள் அந்த நைத்திரேற்றை நைதரசன் வாயுவாக்கி வெளியேற்றுகின்றன. அதே துளைகளில்தான் புழுக்களும் நண்டுகளும் இறால்களும் கடற்பஞ்சுகளும் வாழ்கின்றன. பாறைக்கு நாம் கொடுக்கும் விலை இந்தக் குடியிருப்புக்காகவே என்பதால், அதிலிருந்து வெளிவரும் ஒவ்வொன்றையும் எதிரியாகக் கருதத் தொடங்குவது பெரும் இழப்பில் முடியும். வருபவற்றுள் பெரும்பாலானவை நன்மை செய்பவை; தீங்கு செய்பவை சில; அந்தச் சிலவற்றையும் பொறுமையாகப் பார்த்தால் இனங்காண முடியும்.

கேள்வி (வெள்ளவத்தை வாசகர்): ஐயா, புதிதாக வாங்கிய பாறையிலிருந்து, இரவில் விளக்கை அணைத்த பிறகு, இளஞ்சிவப்பு நிறப் புழு ஒன்று வெளியே வருகிறது. விரல் நீளம் இருக்கும்; உடலின் இரு பக்கமும் வெண்மயிர்கள் உள்ளன. என் மகள் அதைப் பார்த்துப் பயந்துவிட்டாள். பாறையை எடுத்துக் கொதிநீரில் போட்டால் எல்லாம் செத்துவிடும் என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். அப்படிச் செய்யலாமா?

பதில்: கொதிநீரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்தது புழுவைவிட அந்த யோசனைதான். உயிர்ப்பாறையை ஒருபோதும் கொதிக்கவைக்கக் கூடாது. அதன்மேல் கொதிநீரை ஊற்றவும் கூடாது. பாறைகளில் பொத்தான் அளவான, விளிம்பைச் சுற்றிக் குட்டையான உணர்கொம்புகள் கொண்ட சிறு உயிர்கள் கூட்டமாக ஒட்டியிருப்பதுண்டு. சொவாந்தஸ், பலித்தோவா என்ற பெயர்களில் அவற்றைத் தொட்டி வளர்ப்போர் அறிவர். அவற்றுட் சில பலிடொக்சின் என்னும் நஞ்சைக் கொண்டவை. ஹவாய்த் தீவுகளில் கிடைத்த பலித்தோவா ஒன்றிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டதாக 1971 இல் அறிவிக்கப்பட்ட இந்த நஞ்சு, கடலில் அறியப்பட்ட நஞ்சுகளுள் மிகக் கொடியவற்றில் ஒன்று. வெப்பம் அதைச் செயலிழக்கச் செய்வதில்லை. கொதிக்கும்போதும், தூரிகையால் பலமாகத் தேய்க்கும்போதும், அது நுண்துளிகளோடு வீட்டுக் காற்றில் கலந்து, அருகில் நிற்பவரை மட்டுமன்றி அடுத்த அறையில் உறங்குபவரையும் பாதிக்கக்கூடும். 2018 இல் இங்கிலாந்தின் ஒக்ஸ்போர்ட்ஷயர் பகுதியில், தொட்டியிலிருந்த முருகையைச் சுத்தம் செய்தபோது வெளிப்பட்ட இந்த நஞ்சினால் ஆறு பேர் கொண்ட குடும்பம் ஒன்று வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டது. வாயில் உலோகச் சுவை, காய்ச்சல், இருமல், மூச்சுத் திணறல், தசைவலி ஆகியவை அறிகுறிகள். முறிமருந்து கிடையாது. அறிகுறிகளுக்கே சிகிச்சை அளிக்கப்படுகிறது. பாறையைக் கையாண்ட பின் இவ்வாறான அறிகுறி எதுவும் தோன்றினால் உடனே வைத்தியசாலைக்குச் சென்று, கடல்நீர்த் தொட்டியைக் கையாண்டதை வைத்தியரிடம் தவறாமல் சொல்லுங்கள். கொழும்பு தேசிய வைத்தியசாலையில் தேசிய நச்சுத் தகவல் நிலையம் இயங்குகிறது; வைத்தியர்கள் அங்கு ஆலோசனை பெற முடியும்.

இனி உங்கள் புழுவுக்கு வருவோம். நீங்கள் வர்ணித்தபடி அது முட்புழு. கணுக்கணுவான உடல், ஒவ்வொரு கணுவின் இரு பக்கமும் ஒரு கற்றை வெண்முட்கள், ஒளி பட்டவுடன் துளைக்குள் பின்வாங்கும் இயல்பு ஆகிய மூன்றும் அதன் அடையாளங்கள். வெப்பக் கடல்களின் பாறைகளில் மிகச் சாதாரணமாகக் காணப்படும் இவ்வினம் மீன் தின்னாமல் விட்ட உணவையும், இறந்த உடல்களையும், நம் கை எட்டாத இடுக்குகளில் சேரும் அழுக்கையும் உண்டு வாழ்கிறது. இறந்த மீனின்மேல் இந்தப் புழுக்கள் மொய்த்திருப்பதைக் காலையில் கண்டவர்கள், புழுதான் மீனைக் கொன்றது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அநேகமாக மீன் முன்பே இறந்திருக்கும். புழுக்கள் அந்த உடல் அழுகி அமோனியா பெருகாதபடி தடுத்திருக்கும்.

முட்புழுக்களில் ஒரு வகையான நெருப்புப் புழு முருகைகளைத் தின்றுவிடும் என்ற எச்சரிக்கையை நீங்கள் எங்கேனும் படித்திருக்கலாம். அந்த எச்சரிக்கையில் உண்மை உண்டு. ஆனால் முருகைகளைத் தின்பதற்குப் பேர்போன ஹெர்மோடைஸ் கரன்குலாட்டா என்னும் இனம் அத்திலாந்திக் சமுத்திரத்துக்கும் மத்தியதரைக் கடலுக்கும் உரியது. இந்து சமுத்திரப் பாறையிலிருந்து வந்த புழுவின்மேல் அந்தப் பழியைச் சுமத்த வேண்டியதில்லை. எனினும், எந்த முட்புழுவையும் வெறுங்கையால் தொடாதீர்கள். அதன் முட்கள் தோலினுள் முறிந்து தங்கி, நாட்கணக்கில் எரிச்சலும் வீக்கமும் தரும். தைத்துவிட்டால் தேய்க்காமல், ஒட்டும் நாடாவை அழுத்தி ஒட்டி இழுத்தெடுங்கள். எஞ்சிய எரிச்சலுக்கு வினாகிரி உதவும். வீக்கம் பரவினால் வைத்தியரைப் பாருங்கள். தொட்டியினுள் கைவிடும்போது நீண்ட றப்பர் கையுறை அணிவதை வீட்டில் அனைவருக்கும் பழக்கமாக்கிவிடுங்கள்.

உண்மையிலேயே அஞ்ச வேண்டிய புழு ஒன்று உண்டு. அது யூனிஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. தலையில் ஐந்து உணர்கொம்புகள், வானவில்போல் நிறம் மாறி மினுங்கும் உடல், வெளியே நீட்டிப் பற்றக்கூடிய வலிய தாடைகள் ஆகியவை அதைக் காட்டிக்கொடுக்கும். முட்புழுவுக்கு உள்ளது போன்ற அடர்ந்த வெண்முட் கற்றைகள் அதற்கு இல்லை. இந்தக் குடும்பத்தின் சிறிய இனங்கள் பல பாசியையும் கழிவையும் தின்று பாறைக்குள்ளேயே அமைதியாக வாழ்பவை. ஆனால் யூனிஸ் அப்ரொடிட்டோயிஸ் என்னும் பெரிய இனம் 3 மீற்றர் வரை வளரக்கூடியது, மீன்களையும் பிடித்து உண்பது. 2009 இல் இங்கிலாந்தின் நியூகுவே நகரக் காட்சியகம் ஒன்றில், மீன்கள் மறைந்தும் முருகைகள் கிழிந்தும் கிடந்ததன் காரணத்தைத் தேடிப் பாறைகளை ஒவ்வொன்றாக அகற்றியபோது, ஒரு மீற்றருக்கும் அதிக நீளமான புழு வெளிப்பட்டது. எனவே உங்கள் மகளிடம் ஒரு கைவில்லையைக் கொடுத்து, புழுவின் தலையில் எத்தனை கொம்புகள், பக்கங்களில் வெண்கற்றைகள் உண்டா என்று பார்க்கச் சொல்லுங்கள். அச்சம் பெரும்பாலும் அங்கேயே நீங்கிவிடும்.

பார்ப்பதற்கு ஒரு வழி சொல்கிறேன். கடலின் முதுகெலும்பற்ற உயிர்கள் பலவற்றுக்குச் சிவப்பொளி நன்கு தெரிவதில்லை. வெசாக் கூடு கட்ட வாங்கும் சிவப்புச் செலோபேன் தாளை இரண்டு மடிப்பாக டோர்ச்சின் முகத்தில் கட்டி, விளக்கணைத்து ஒரு மணித்தியாலம் கழிந்த பின் தொட்டியின் முன் அமர்ந்தால், பகலில் ஒருபோதும் காணாத ஓர் ஊரையே காண்பீர்கள். கண்டதைப் படம் எடுத்து, எந்தத் துளை என்பதையும் குறித்து வையுங்கள். அடுத்துவரும் பதில்கள் அனைத்துக்கும் இதுவே அடிப்படை.

கேள்வி (தெகிவளை வாசகர்): இரவில் தொட்டியிலிருந்து "டக், டக்" என்று சத்தம் கேட்கிறது. கண்ணாடியில் வெடிப்பு விழுகிறதோ என்று முதலில் பயந்தோம். இதற்கிடையில் சிறிய மீனொன்றும், ஓட்டுக்குள் வாழும் துறவி நண்டுகள் இரண்டும் காணாமல் போயுள்ளன.

பதில்: இந்தச் சத்தத்தை எழுப்பக்கூடியவை இரண்டு. ஒன்றை வைத்திருக்கலாம், மற்றதை வைத்திருக்கக் கூடாது. சத்தத்தை மட்டும் கேட்டு வேறுபடுத்த முயலாதீர்கள். அனுபவமுள்ளவர்களும் அதில் தவறுவர்.

முதலாவது, சொடுக்கு இறால். அதன் இரு கொடுக்குகளில் ஒன்று மற்றையதைவிடப் பன்மடங்கு பெரிது. அந்தப் பெரிய கொடுக்கை மின்னல் வேகத்தில் மூடும்போது நீர் பீறிட்டுப் பாய்ந்து ஒரு குமிழ் உண்டாகிறது; நமக்குக் கேட்பது கொடுக்குகள் மோதும் ஒலியன்று, அந்தக் குமிழ் நொறுங்கும் ஒலி. அதிவேக ஒளிப்படக் கருவியின் துணையுடன் 2000 ஆம் ஆண்டில்தான் இது தெளிவாக நிறுவப்பட்டது. இந்த இறால் பெரும்பாலும் மணலைத் தோண்டிக்கொண்டும் சிறு இரைகளைப் பிடித்துக்கொண்டும் வாழும். இதன் சில இனங்கள் கோபி மீன்களோடு ஒரே வளையைப் பகிர்ந்துகொள்கின்றன. கண்பார்வை குறைந்த இறால் வளையைத் தோண்டிப் பராமரிக்க, மீன் வாசலில் காவல் நிற்கும். வெளியே வரும்போதெல்லாம் இறால் தன் உணர்கொம்பை மீனின் உடலில் வைத்தபடியே இருக்கும். இதைக் காண்பதற்காகவே இவ்விறாலை விலைகொடுத்து வாங்குவோர் உண்டு.

இரண்டாவது, இறாலைப் போலத் தோன்றினாலும் வேறு வரிசையைச் சேர்ந்த மான்டிஸ் இறால். கும்பிடுபூச்சியைப்போல் முன்கால்களை மடித்து வைத்திருப்பதால் இந்தப் பெயர். காம்பில் அமைந்த கண்கள் ஒன்றையொன்று சாராமல் தனித்தனியே திரும்பும். துளையின் வாயிலிருந்து உங்களையே பார்த்துக்கொண்டிருப்பதுபோல் தோன்றும். பாறையில் ஒளிந்து வருபவை பெரும்பாலும் அடித்து உடைக்கும் வகையினவே. இவ்வகையைச் சேர்ந்த மயில் மான்டிஸ் இறாலின் அடி செக்கனுக்கு 23 மீற்றர், அதாவது மணிக்கு 80 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகத்தில் விழுகிறது என 2004 இல் அளந்து வெளியிடப்பட்டது. சங்கும் நண்டும் அதன் அன்றாட உணவு. துளையின் வாயில் உடைந்த ஓட்டுத் துண்டுகள் குவிந்திருந்தால் ஐயமே வேண்டாம். உங்கள் துறவி நண்டுகள் மறைந்திருப்பதைப் பார்க்கும்போது, இதுவாக இருக்கலாம் என்றே நினைக்கிறேன். ஆயினும் சிவப்பொளியில் நேரில் கண்ட பின்னரே அடுத்த படிக்குச் செல்லுங்கள்.

எந்தத் துளை என்று உறுதியானதும், அந்தப் பாறையை மட்டும் வெளியே எடுத்து, தொட்டிநீர் நிரப்பிய வாளியின்மேல் துளை கீழ்நோக்கியிருக்கப் பிடியுங்கள். சுவையூட்டாத சாதாரண சோடாவை ஊசிக்குழாயில் எடுத்துத் துளையின் மறுபக்கத்தால் உட்செலுத்தினால், உள்ளிருப்பது வெளியே பாய்ந்து வாளியில் விழும். சோடாவைத் தொட்டியினுள் ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். பாறையைத் திரும்ப வைக்குமுன் தொட்டிநீரால் நன்கு அலசுங்கள். பாறையை எடுக்க முடியாதவாறு அடுக்கியிருந்தால், சிறிய பிளாஸ்டிக் போத்தலின் மேற்பகுதியை வெட்டித் தலைகீழாக உட்செருகி, இறால் இறைச்சித் துண்டு ஒன்றை உள்ளே வைத்து இரவில் துளையருகே கிடத்துங்கள். சில இரவுகள் காத்திருக்க நேரலாம். விரலை மட்டும் துளைக்குள் விடாதீர்கள். சிறியதொன்றின் அடிகூட நகத்தைப் பிளக்கக்கூடும்.

பிடித்ததைக் கொன்றுவிட வேண்டும் என்பதில்லை. மூடியுள்ள சிறிய தனித் தொட்டியில் வைத்தால், இதைவிட அறிவுக்கூர்மையும் அழகும் வாய்ந்த கடலுயிர் ஒன்றை வீட்டில் வைத்திருப்பது அரிது.

கேள்வி (கொட்டாஞ்சேனை வாசகி): பாறையில் முளைத்த கபிலநிறப் பூ போன்ற ஒன்றை, அழகாக இருக்கிறதே என்று முதலில் விட்டுவிட்டோம். பின்னர் அருகிலிருந்த முருகை சுருங்கத் தொடங்கியதால் கத்தியால் சுரண்டி எடுத்தோம். இப்போது அதே இடத்தைச் சுற்றிப் பல முளைத்துள்ளன.

பதில்: அம்மா, இது அயிப்டேசியா என்னும் கடற்சாமந்தி. ஒளி ஊடுருவும் கபிலநிறத் தண்டு, அதன் உச்சியில் நீண்டு மெலிந்த உணர்கொம்புகள், தொட்டால் ஒரு நொடியில் துளைக்குள் முழுவதும் சுருங்கிக்கொள்ளும் இயல்பு ஆகியவற்றால் இதை அறியலாம். சுரண்டியதால் பெருகியது வியப்பன்று. இதன் அடிப்பாதத்திலிருந்து பிரியும் சிறு துணுக்கு ஒவ்வொன்றும் முழு உயிராக வளரும். நகர்ந்து செல்லும்போது தானாகவே அத்தகைய துணுக்குகளை விட்டுச் செல்வது இதன் இயல்பான இனப்பெருக்க முறைகளில் ஒன்று. இவ்வளவு எளிதில் பெருகுவதாலும், முருகைகளைப்போலவே தன் உடலினுள் நுண்பாசிகளை வைத்து வாழ்வதாலும், முருகைகள் ஏன் வெளிறுகின்றன என்று ஆராயும் ஆய்வுகூடங்கள் இதையே விரும்பி வளர்க்கின்றன. வீட்டுத் தொட்டியிலோ, இதன் கொட்டும் கலங்கள் அயலிலுள்ள முருகைகளைப் புண்படுத்திவிடும்.

எண்ணிக்கை குறைவாக இருக்கும்போது சுண்ணாம்பே சிறந்தது. தூய கல்சியம் ஐதரொட்சைட்டுத் தூளைச் சிறிதளவு நன்னீரில் குழைத்து, நீரோட்டப் பம்பியை நிறுத்திவிட்டு, ஊசிக்குழாயின் நுனியை உயிரின் வாயருகே மெதுவாகக் கொண்டுசென்று, அது உணவென்று எண்ணி விரிந்திருக்கும்போதே செலுத்துங்கள். பின்னர் சுருங்கும் இடத்தை அதே குழம்பால் மூடிவிடுங்கள். அரை மணித்தியாலம் கழித்துப் பம்பியை இயக்கலாம். சுண்ணாம்பு நீரின் காரத்தன்மையை உயர்த்துவதால், ஒரே நாளில் மூன்று நான்கிற்கு மேல் செய்யாதீர்கள். வெற்றிலைக்கென விற்கும் சுண்ணாம்பைத் தவிர்த்துவிடுங்கள். அதில் வேறு பொருட்கள் கலந்திருக்கலாம். கண்ணில் தெறித்தால் பார்வைக்கே கேடு என்பதால் கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள்.

எண்ணிக்கை பெருகிவிட்டால், இதைத் தின்னும் உயிர்களை விடுவதே வழி. பெப்பர்மின்ட் இறால் எனப்படும் லிஸ்மாட்டா இனம் உதவும். ஆனால் வாங்கும்போது ஏமாறாதீர்கள். அதே சிவப்பும் வெள்ளையுமாக, முதுகில் கூன் தெரியும்படி, பெரிய கண்களோடு விற்கப்படும் ஒட்டக இறால் வேறு இனம்; அது இந்தக் கடற்சாமந்தியை விட்டுவிட்டு உங்கள் மென்முருகைகளையும் சொவாந்தஸ்களையும் கடிக்கும். பெர்கியா என்னும் சிறிய ஓடில்லாக் கடல்நத்தை அயிப்டேசியாவை மட்டுமே உண்ணும். அது தீர்ந்ததும் பட்டினியால் இறந்துவிடும். ஆகையால் வேலை முடிந்ததும் தேவையுள்ள இன்னொருவருக்குக் கொடுத்துவிடுங்கள். நீண்ட மூக்குடைய வண்ணத்துப்பூச்சி மீனைப் பலர் பரிந்துரைப்பர். அது பெரிய தொட்டியிலும் எளிதில் உணவெடுக்காத மீன். ஒரு பூச்சியை ஒழிப்பதற்காக அதைப் பட்டினி போடுவதற்கு என் மனம் ஒப்பவில்லை.

கேள்வி (பம்பலப்பிட்டி வாசகர்): கண்ணாடியில் கடுகைவிடச் சிறிய வெண்சுருள்கள் நூற்றுக்கணக்கில் ஒட்டியுள்ளன. கூடவே துள்ளித் திரியும் புள்ளிகளும் உள்ளன. மருந்து ஏதும் இடலாமா?

பதில்: எதுவும் இடாதீர்கள். சுருள்கள் ஸ்பைரோர்பிட் எனப்படும் குழாய்ப்புழுக்கள். நீரை வடித்து உண்டு வாழும், தீங்கற்றவை. துள்ளும் புள்ளிகள் கொப்பிபொட்டுகள் எனப்படும், இறாலுக்கும் நண்டுக்கும் உறவான சின்னஞ்சிறு உயிர்கள். மான்டரின் மீன் போன்றவற்றுக்கு அவையே சிறந்த உணவு. இறால், நண்டு வகைகளைக் கொல்லும் எந்த மருந்தும் அவற்றை முதலில் அழிக்கும்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். பாறையின்மேல் ஒழுங்கற்று வளைந்த, கடினமான, கூரிய விளிம்புடைய குழாய்கள் தோன்றி, அவற்றிலிருந்து சிலந்தி நூல்போன்ற சளியிழைகள் நீரில் மிதந்தால், அவை வேர்மெட்டிட் நத்தைகள். இரையை அந்தச் சளிவலையில் சிக்கவைத்து வலையோடு இழுத்து உண்பவை. வலை படியும் முருகைகளின் வளர்ச்சி குன்றுவதைப் பிரெஞ்சுப் பொலினீசியாவின் மூரியாத் தீவில் நடந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. குழாயைச் சாவணத்தால் அடியோடு முறித்தெடுங்கள்; முடியாவிட்டால் வாயை முருகை ஒட்டும் பசையால் அடைத்துவிடுங்கள். மீன் உணவைத் தூளாக அதிகம் இடுவது இவற்றைப் பெருக்கும்.

கேள்வி (கல்கிசை வாசகர்): பாறையில் ஒரு சிறு நண்டு இருக்கிறது. வைத்திருக்கலாமா, எடுத்துவிட வேண்டுமா?

பதில்: நிறத்தையோ உடல் வடிவத்தையோ நீங்கள் குறிப்பிடவில்லை; ஆகவே பார்க்க வேண்டியவற்றைச் சொல்கிறேன். உடல் முழுதும் மயிர் அடர்ந்து, கொடுக்குகள் தடித்து, அவற்றின் நுனி கரியதாகவும் கூராகவும் இருந்தால், மீனையும் சங்கையும் முருகையையும் தாக்கக்கூடிய வகையெனக் கொண்டு அகற்றுங்கள். வெளியே தெரியும் நடைக்கால்கள் மூன்று சோடி மட்டுமே இருந்து, வாயருகே விசிறிபோன்ற உறுப்பால் நீரை வாரிக்கொண்டிருந்தால், அது பீங்கான் நண்டு. எவருக்கும் தீங்கு செய்யாது. கிளைவிட்ட முருகையின் இடுக்கில் வழுவழுப்பான ஓட்டுடன் வாழ்வது ட்ரபீசியா நண்டு. முருகையின் சளியை உண்டு வாழும் இது, முட்கிரீட நட்சத்திரமீன் முருகையைத் தின்ன வரும்போது அதன் கால்களைக் கிள்ளி விரட்டும். அதை அங்கிருந்து எடுத்தால் முருகைக்கே நட்டம்.

பிடித்த நண்டு எதையும் சமையலுக்கு எடுக்காதீர்கள். முருகைப்பாறைகளில் வாழும் சில நண்டுகளின் உடலில், சமைத்தாலும் நீங்காத, உயிரைப் பறிக்கும் நஞ்சு உண்டு.

கேள்வி (மட்டக்குளி வாசகர்): கடைப் பாறை விலை அதிகம். ஹிக்கடுவைக்குப் போகும்போது கரையில் ஒதுங்கும் கற்களைக் கொண்டுவந்தால் என்ன? சென்றமுறை அழகான கூம்பு வடிவச் சங்கு ஒன்றும் கண்டோம். உள்ளே உயிர் இருந்தது.

பதில்: வேண்டாம். ஹிக்கடுவை முருகைப் பகுதி 1979 இல் கடல்சார் சரணாலயமாகவும், 2002 இல் தேசியப் பூங்காவாகவும் பிரகடனப்படுத்தப்பட்டது. அதற்கு வெளியேயும், கரையோர வலயத்தில் முருகைக்கல் அகழ்வதையும் சேகரிப்பதையும் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் தடைசெய்கிறது. கன்முருகைகள் அனைத்தும் அழிவுக்குள்ளாகும் உயிரினங்களின் வர்த்தகம் பற்றிய சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பின்னிணைப்பில் உள்ளவை என்பதால், உயிர்ப்பாறையை எல்லை கடந்து கொண்டுவருவதற்கும் அனுமதிப்பத்திரம் வேண்டும். கடைக்காரரிடம் பாறை எங்கிருந்து வந்தது என்று கேட்பது உங்கள் உரிமை. தெளிவான பதில் இல்லையேல் வாங்காதீர்கள். நம் தென்மேற்குக் கரையில் சுண்ணாம்புச் சூளைகளுக்காகத் தலைமுறைகளாக முருகைக்கல் அகழப்பட்டது. 2004 ஆழிப்பேரலையின் பின் அப்பகுதியை ஆராய்ந்தவர்கள், முருகை காக்கப்பட்டிருந்த ஹிக்கடுவையைவிட, அகழப்பட்டிருந்த பெரெலியவில் கடல் வெகுதூரம் உட்புகுந்ததைப் பதிவுசெய்தனர். ஒரு தொட்டிக்கான கல் சிறிதென்று நமக்குத் தோன்றினாலும், அந்தக் கரைக்கு இனி இழக்க அதிகம் இல்லை.

மலிவான வழி ஒன்று உண்டு. உலர்ந்த செயற்கைப் பாறையை வாங்கி, நம்பகமானவரின் தொட்டியிலிருந்து கைப்பிடியளவு உயிர்ப்பாறைத் துண்டு ஒன்றைப் பெற்று அதனோடு வையுங்கள். சில மாதங்களில் பற்றீரியாவும் ஊதாநிறச் சுண்ணப்பாசியும் பரவும்.

சங்கைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கூம்புச் சங்குகள் ஈட்டிபோன்ற பல்லால் நஞ்சைச் செலுத்தி வேட்டையாடுபவை. இந்து–பசுபிக் கடல்களில் வாழும் கோனஸ் ஜியோகிராபஸ் மனித உயிர்களைப் பறித்த இனம். அதன் நஞ்சுக்கு முறிமருந்து இல்லை. ஓட்டின் அகன்ற பக்கத்தைப் பிடித்தால் ஆபத்தில்லை என்ற எண்ணம் தவறு, அதன் நீள்மூக்கு அங்கும் எட்டும். உயிருள்ள கூம்புச் சங்கைக் கையில் எடுக்கவோ சட்டைப்பையில் போடவோ கூடாது என்று பிள்ளைகளுக்கு இன்றே சொல்லிவையுங்கள். கொட்டிவிட்டால் அந்தக் கை காலை அசையாது கட்டி, ஒரு நிமிடமும் தாமதியாமல் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

கேள்வி (மருதானை வாசகி): பிடித்த நண்டையும் புழுவையும் கொல்ல மனமில்லை. காலிமுகத்திடலில் கடலில் விட்டுவிடலாமா?

பதில்: உங்கள் மனத்தை மதிக்கிறேன், ஆனாலும் கடலில் விடக்கூடாது. உங்கள் பாறை எந்தக் கடலிலிருந்து வந்தது, அதே தொட்டியில் எந்த நாட்டு மீன்களோடும் நோய்களோடும் கலந்திருந்தது என்பதை எவரும் அறியார். நம் கடல்களில் சாதாரணமாக வாழும் சிங்கமீன், அமெரிக்காவின் புளோரிடாக் கரையில் 1985 இல் முதன்முறையாகக் காணப்பட்டு, இன்று கரிபியன் கடல் முழுவதும் பரவி அங்குள்ள சிறு மீன்களை அழித்துவருகிறது. வளர்ப்புத் தொட்டிகளிலிருந்து விடப்பட்டவையே அதன் தொடக்கம் எனக் கருதப்படுகிறது. தொட்டிகளில் வளர்க்கப்பட்ட கவுலர்ப்பா டக்சிபோலியா என்னும் பாசி 1984 இல் மொனாக்கோவின் கரையில் காணப்பட்டு மத்தியதரைக் கடலின் பல இடங்களில் கடலடியை மூடியது. இங்கிருந்து அங்கு சென்றது அப்படியானால், அங்கிருந்து இங்கு வருவதும் நடக்கக்கூடியதே.

முதலில், தொட்டியோடு இணைந்த வடிகட்டிப் பெட்டியில் விட முடியுமா என்று பாருங்கள். நண்டும் முட்புழுவும் மீதி உணவை உண்டு அங்கே நெடுநாள் வாழும். அடுத்ததாக, வாங்கிய கடையிலோ, தனித் தொட்டி வைத்திருக்கும் வேறொருவரிடமோ, படத்தைக் காட்டி என்ன உயிர் என்பதையும் சொல்லி ஒப்படையுங்கள். இரண்டும் இயலாவிடில், சிறிது தொட்டிநீருடன் மூடிய பாத்திரத்தில் இட்டு உறைகுளிர்ப் பெட்டியில் ஒரு நாள் முழுவதும் வைத்து, பின்னர் பொலித்தீனில் கட்டிக் குப்பையில் சேர்த்துவிடுங்கள். பாறை ஊறிய நீரை மழைநீர்க் கானில் ஊற்றாமல் கழிப்பறையில் ஊற்றுங்கள். கொழும்பின் கான்கள் பல வாய்க்கால்கள் வழியே நேராகக் கடலுக்கே செல்கின்றன.